‘எல்லாம் என் உழைப்பு’ங்கிறது எவ்வளவு தூரம் உண்மை?

“ராப்பகலா உழைச்சேன், மேல வந்தேன். நீங்களும் உழைங்க, மேல வருவீங்க.”

பள்ளிக்கூட ஆண்டு விழா, கம்பெனி விருது விழா, யூடியூப் பேட்டின்னு எங்க திரும்பினாலும் இந்த ரெண்டு வாக்கியம் காதுல விழுது. முதல் வாக்கியத்தை நான் நம்பறேன். உழைக்காம மேல வந்தவங்க ரொம்பக் கம்மி. ரெண்டாவது வாக்கியம்தான் என்னைக் கொதிக்க வைக்குது. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல வராதவன் எல்லாம் உழைக்காதவன்னு ஆயிடுது. வேற ஊர்ல நின்னு இதைச் சொன்னா ஒரு தப்பான கருத்துன்னு விட்டுடலாம். கும்மிடிப்பூண்டியில நின்னு சொன்னா, எதிர்ல இருக்கிறவங்களை அவமானப்படுத்தறதுன்னுதான் சொல்லணும்.

ஏன்னு கேட்டா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு உருக்கற ஃபர்னஸ்களும் ரோலிங் மில்களும் நிறைய. ஸ்கிராப்பை மின்சார உலையில போட்டு உருக்கி, பில்லெட்டா வார்த்து, அந்தப் பில்லெட்டைத் திரும்பச் சூடாக்கி உருளைகளுக்கு நடுவுல விட்டு இழுத்தா, நம்ம வீட்டுத் தளத்துல போடற கம்பி தயார். உருகின இரும்பு ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ். மேல மிதக்கிற கசடை நீளக் கம்பியால ஒதுக்கி எடுக்கறது ஒரு ஆளோட வேலை, உலையோட வாய்க்குப் பக்கத்துல நின்னுதான் எடுத்தாகணும். ஸ்கிராப்புல ஈரமோ, ரெண்டு பக்கமும் மூடின குழாயோ கலந்து உள்ள போயிட்டா வெடிச்சு இரும்புக் குழம்பு தெறிக்கும். மே மாசத்துல வெளியவே 40 டிகிரி. ஷிஃப்ட்டு பல இடத்துல 12 மணி நேரம். இந்த ஆளைவிடக் கூடுதலா உழைக்கிற ஒருத்தரை அந்த விருது மேடையில காட்டுங்க பார்ப்போம். உழைப்புதான் ஒரு மனுஷனோட உயரத்தை முடிவு பண்ணுதுன்னா, இந்தத் தாலுகாவோட பெரிய பணக்காரங்க உலை முன்னாடி நிக்கறவங்களாத்தான் இருக்கணும். (வெறும் உடம்பு உழைப்பு போதாது, மூளையும் வேணும்னு ஒரு பதில் வரும். உருகின இரும்போட நிறத்தைக் கண்ணால பார்த்தே சூடு பதமா இருக்கா இல்லையான்னு கணிக்கிற மெல்ட்டருக்கு மூளை இல்லைன்னா வேற யாருக்கு இருக்கு?)

அப்ப எல்லாம் தலையெழுத்துதானா? இல்லை. அதுவும் அதே அளவு தப்புதான். நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். உழைப்பு இல்லாம ஒண்ணும் நடக்காது. ஆனா ஒரே அளவு உழைச்ச ரெண்டு பேர்ல யார் எங்க போய்ச் சேர்றாங்கங்கிறதை, அவங்க கையில இல்லாத விஷயங்கள் முடிவு பண்ணுது. அதுக்கு அதிர்ஷ்டம்னு பேர் வெச்சு, ஏதோ வானத்துல இருந்து விழுந்தது மாதிரி பேசறோம். கிட்டப் போய்ப் பார்த்தா, அதுல பெரும் பங்கு வேற யாரோ எடுத்த ஒரு முடிவு, இல்லைன்னா வேற யாரோ போட்ட உழைப்பு. இதைச் சும்மா சொல்லலை. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளயே இதுக்குச் சாட்சி அடுக்கடுக்கா இருக்கு.

முதல் சாட்சி திருத்தணி. 1888 செப்டம்பர் 5-ந்தேதி அங்க பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அப்பா ஜமீன்ல வரி சம்பந்தமான ஒரு சின்ன உத்தியோகத்துல இருந்தவர், வசதியான குடும்பம் கிடையாது. திருத்தணி, திருப்பதி, வேலூர்னு உதவித்தொகையிலயே படிச்சு, சென்னை கிறிஸ்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்க என்ன பாடம் எடுக்கறதுன்னு வந்தப்ப, அதே கல்லூரியில படிச்சு முடிச்ச ஒரு சொந்தக்காரர் தன்னோட பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புதுப் புத்தகம் வாங்கக் காசு இல்லாத மாணவர். கையில தத்துவப் புத்தகம் இருந்ததால தத்துவமே எடுத்தார். அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 1909-ல மாநிலக் கல்லூரியில ஆசிரியர், 1921-ல கல்கத்தா பல்கலைக்கழகம், 1936-ல ஆக்ஸ்ஃபோர்டுல பேராசிரியர், 1962-ல குடியரசுத் தலைவர். அந்தச் சொந்தக்காரர் கணக்கு படிச்சிருந்தா? ராதாகிருஷ்ணன் கணக்குலயும் முதல் மாணவரா வந்திருக்கலாம். ஆனா ஆக்ஸ்ஃபோர்டுல அவர் உட்கார்ந்த நாற்காலி, கீழைநாட்டு மதங்களையும் அறவியலையும் சொல்லிக் கொடுக்கறதுக்காகவே உண்டாக்கின நாற்காலி. கணக்கு வாத்தியாருக்கு அது கிடைச்சிருக்காது.

உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. “புத்தகத்தை யார் வேணா கொடுக்கலாம். படிச்சது அவர்தானே?” ஆமாம், அவர்தான். 20 வயசுலயே எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தோட அறவியலைப் பத்தி ஆய்வுரை எழுதினார்னா, அது சும்மா வந்ததில்ல. அதனாலதான் உழைப்பையும் வாய்ப்பையும் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கிப் பார்க்கணும்னு சொல்றேன். ரெண்டுல எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். உழைப்பு எவ்வளவுன்னு நாம மேடை போட்டுப் பேசறோம். மத்ததைப் பத்திப் பேசறதே இல்லை. அந்தப் புத்தகக் கட்டு கிடைக்காத எத்தனை பசங்க அதே காலத்துல அதே ஊர்ல இருந்தாங்கன்னு யாரும் எண்ணிப் பார்க்கலை. எண்ணவும் முடியாது. ஜெயிச்சவர் பேர் புத்தகத்துல இருக்கு. மத்தவங்க பேர் எங்கயும் இல்லை. ஜெயிச்சவங்களை மட்டும் வரிசையா நிக்க வெச்சு, இவங்க எல்லார்கிட்டயும் உழைப்பு இருந்ததுன்னு சொன்னா அது பாதிச் சாட்சியம்தான். தோத்தவங்ககிட்ட எவ்வளவு இருந்ததுன்னும் கேட்டுட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும்.

அடுத்தது, எந்த வருஷம் வேலைக்கு வர்றோம்ங்கிறது. நம்ம மாவட்டத்தை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை 2006-ல உற்பத்தியைத் தொடங்கிச்சு. வட மாவட்டங்கள்ல இருந்து ப்ளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பொண்ணுங்களும் பசங்களும் கம்பெனி பஸ்ல போய் வேலை பார்த்தாங்க. வீட்டுக்கு முதல் நிரந்தரச் சம்பளம் கொண்டுவந்த பொண்ணுங்க அதுல ஏராளம். 2013 செப்டம்பர்ல நோக்கியாவோட கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கறதா அறிவிப்பு வந்தது. வரி வழக்குல சிக்கினதால இந்த ஆலை அந்தக் கைமாறுதல்ல சேரவே இல்லை. ஆர்டர் நின்னது. 2014 நவம்பர் 1-ந்தேதியோட உற்பத்தியும் நின்னது. இதுல தொழிலாளியோட உழைப்புல என்ன குறை? அவங்க கை வேகம் குறைஞ்சதா? 2006-ல 18 வயசானவங்களுக்கு எட்டு வருஷச் சம்பளமும் அனுபவமும் கிடைச்சது. 2014-ல 18 வயசானவங்களுக்குப் பூட்டின கேட்தான் கிடைச்சது. கனடாவுல பொருளாதார மந்தமான வருஷங்கள்ல பட்டம் வாங்கி வெளிய வந்தவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து ஒரு ஆய்வு பண்ணாங்க. நல்ல வருஷத்துல வந்தவங்களைவிட அவங்க சம்பளத்துல விழுந்த பள்ளம் மூடறதுக்கு ஏறக்குறைய பத்து வருஷம் ஆயிருக்கு. படிப்பு ஒண்ணு, திறமை ஒண்ணு, பிறந்த வருஷம் மட்டும்தான் வேற. (நம்ம ஊர்ல இப்படி ஒரு கணக்கு எடுத்தா பள்ளம் இன்னும் ஆழமா இருக்கும்னுதான் என் ஊகம். இங்க முதல் வேலை தவறினா, வீட்டுக் கடன் வட்டி கட்டறதுக்காகவே கிடைச்ச வேலைக்குப் போயாகணும்.)

இடத்தோட கதை இன்னும் வெளிப்படையானது. கும்மிடிப்பூண்டிக்குச் சிப்காட் வந்ததுக்கு, அங்க இருந்த யாரோட உழைப்பும் காரணம் இல்லை. கல்கத்தா நெடுஞ்சாலை பக்கத்துலயே போகுது, ரயில் பாதை இருக்கு, சென்னைத் துறைமுகம் கிட்ட. மெட்ராஸ்ல ஒரு அலுவலகத்துல யாரோ வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தாங்க. கொஞ்சம் வடக்க தள்ளி, ஆரம்பாக்கத்தைத் தாண்டினா ஆந்திரா. அந்தப் பக்கத்துல 2008-ல ஸ்ரீசிட்டி வந்தது. இப்படி ஒரு பேட்டை வரும்போது நிலம் எடுக்கறதைப் பாருங்க. தமிழ்நாட்டுல தொழிலுக்கு நிலம் எடுக்கறதுக்குன்னே 1997-ம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. எல்லைக்கோடு எந்த சர்வே நம்பர் வழியாப் போகுதுங்கிறது ஒரு குடும்பத்தோட ரெண்டு தலைமுறையை முடிவு பண்ணிடுது. கோட்டுக்கு உள்ள மாட்டின நிலத்துக்கு அரசு நிர்ணயிச்ச இழப்பீடு. கோட்டுக்கு வெளிய, ரோட்டை ஒட்டி இருக்கிற நிலத்துக்குச் சந்தை விலை, வாடகை, லாரி ஷெட், மெஸ், ஆள் தங்கற ரூம் வரிசை. வரப்பு ஒண்ணுதான் ரெண்டு நிலத்துக்கும் நடுவுல. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் முதலாளி, இன்னொருத்தர் அதே பேட்டையில செக்யூரிட்டி. முதலாளியானவர் “நான் உழைச்சேன்”னு சொன்னா பொய் சொல்றார்னு சொல்ல மாட்டேன். அவர் உண்மையிலேயே மெஸ் நடத்தி உழைச்சிருப்பார். ஆனா அந்தக் கோட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும்னு எதிர்பார்க்கறேன். தேர்வாய் கண்டிகையில சிப்காட் வந்தப்ப, அந்த ஊர் ஜனங்க எங்க மேய்ச்சல் நிலம் போகுது, ஏரிக்குத் தண்ணி வர்ற காடு போகுதுன்னு போராடினாங்க. பட்டா இல்லாத நிலத்துல ஆடு மாடு மேய்ச்சுப் பிழைச்சவங்களுக்கு இழப்பீட்டுக் கணக்குலயே இடம் இல்லை. தலைமுறை தலைமுறையா அந்த நிலத்துல அவங்க போட்ட உழைப்பு எந்தக் காகிதத்துலயும் ஏறலை.

இதையெல்லாம்விட என்னை அதிகமா உலுக்கறது ஒரு தேதி. 1987 ஜூலை 1.

கும்மிடிப்பூண்டியில இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், தமிழ்நாட்டுல இருக்கிற நூத்துக்கு மேற்பட்ட முகாம்கள்ல பெரிய முகாம்கள்ல ஒண்ணு. 1983 கலவரத்துக்கு அப்புறம் அலை அலையா வந்த குடும்பங்களோட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்க வளர்றாங்க. இங்கயே பிறந்து, இங்க இருக்கிற அரசுப் பள்ளியில படிச்சு, இங்க இருக்கிற கல்லூரியில டிகிரி வாங்கினவங்க. நம்ம குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-ல இருந்து 1987 ஜூன் 30 வரைக்கும் இந்திய மண்ணுல பிறந்த குழந்தை, பெற்றோர் யாரா இருந்தாலும் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1-க்கு அப்புறம் பிறந்தா, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் அதுவும் போதாது, இன்னொருத்தர் சட்டவிரோதமாக் குடியேறினவரா இருக்கக் கூடாது. இந்த முதல் தேதி எப்படி வந்தது? 1985-ல போட்ட அஸ்ஸாம் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1986-ல கொண்டுவந்த திருத்தம், அமலுக்கு வந்த நாள் அது. பிரம்மபுத்திரா கரையில நடந்த ஒரு கிளர்ச்சிக்கு டெல்லியில எழுதின பதில், ஆரணி ஆத்துப் பக்கம் பிறக்கற ஒரு குழந்தையோட வாழ்க்கையை முடிவு பண்ணுது. மண்டபம் முகாம்ல 1986-ல பிறந்த ஒரு பெண்மணி இந்தக் காரணத்தாலதான் நீதிமன்றம் போய் 2022-ல பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்க முடிஞ்சது. 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அதே மாதிரி ஒரு முகாம்ல பிறந்த ஒரு தங்கச்சிக்கு அந்த வழி அடைபட்டுப் போச்சு.

அந்தத் தங்கச்சியோட இடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. நல்ல மார்க். இன்ஜினியரிங் டிகிரி. பாஸ்போர்ட் கிடையாது, வெளிநாடு போக முடியாது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார்ல இன்டர்வியூ வரைக்கும் நல்லாப் போகும், ஆவணம் சரிபார்க்கற கட்டத்துல நின்னுடும். முகாம்ல டிகிரி முடிச்ச எத்தனையோ பசங்க பெயின்டிங் வேலைக்குப் போறாங்கங்கிறது அந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சாரத்துல தொங்கிட்டு அடுக்குமாடிக்குப் பூசறவர் மெக்கானிக்கல் இன்ஜினியரா இருக்கலாம். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு முகாம்வாழ் மக்களுக்கு வீடு, கல்வி உதவின்னு 317 கோடி ரூபாய்க்கு மேல அறிவிச்சது. முகாமோட பேரையும் மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. நல்ல காரியம். ஆனா குடியுரிமை மாநில அரசு கையில இல்லை. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையில இருந்து வந்தவங்களைச் சேர்க்கலை. இந்தப் பிள்ளைகளைப் பார்த்து “நீங்களும் உழைங்க, வருவீங்க”ன்னு சொல்ல எந்தப் பேச்சாளருக்காவது வாய் வருமா? உழைப்பு முழுசா இருக்கு. வாய்ப்பைப் பூஜ்யமாக்கினது ஒரு தேதி. அந்தத் தேதியைப் போட்டதும் மனுஷங்கதான்.

இதுக்கு நேர் எதிரான சாட்சியமும் நம்ம மாவட்டத்துலயே இருக்கு, அதையும் சொல்லணும். 1953-ல ஆந்திரா பிரிஞ்சப்ப திருத்தணி அந்தப் பக்கம் போச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார் மாதிரி பலர் வடக்கெல்லைக்காகப் பல வருஷம் போராடினாங்க. சிறைக்குப் போனவங்க உண்டு, உயிர் விட்டவங்களும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்தது. அப்ப ஒண்ணாம் வகுப்புக்குப் போன திருத்தணிக் குழந்தைக்கு, தாய்மொழியில பாடம், காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு எல்லாம் தானா வந்து சேர்ந்தது. அந்தக் குழந்தையைப் பொறுத்தவரைக்கும் இது சுத்தமான அதிர்ஷ்டம். அது ஒண்ணுமே பண்ணலை. ஆனா அந்த அதிர்ஷ்டத்தைத் தயார் பண்ணினது போராடினவங்களோட உழைப்பு. எனக்கு இந்த விவாதத்துல பிடிச்ச இடமே இதுதான். உழைப்பா அதிர்ஷ்டமான்னு ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தறோம். ஒரு குழந்தைக்கு அதிர்ஷ்டமா வந்து சேர்றது, இன்னொருத்தர் அதுக்கு முன்னாடியே பட்ட பாடு.

இது பழைய கதை மட்டும் இல்லை. நீட் வந்ததுக்கு அப்புறம் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்க எம்.பி.பி.எஸ். சேர்றது விரல் விட்டு எண்ணற நிலைமைக்கு வந்தது. 2020-ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடுன்னு சட்டம் போட்டாங்க. அந்த ஒரே வருஷத்துல 300-க்கு மேல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க எம்.பி.பி.எஸ். சேர்ந்தாங்க. முந்தின வருஷம் அரசுப் பள்ளிப் பிள்ளைங்க சோம்பேறியா இருந்து, இந்த வருஷம் திடீர்னு சுறுசுறுப்பானாங்களா? உழைப்பு அங்கயேதான் இருந்தது. கதவுதான் திறந்தது. “அப்ப மார்க் அதிகம் வாங்கின வேற ஒரு பிள்ளைக்கு இடம் போச்சே”ன்னு கேப்பாங்க. அந்த மார்க்குக்குப் பின்னாடி ரெண்டு வருஷ கோச்சிங் ஃபீஸ் இருக்கு, வீட்டுல தனி ரூம் இருக்கு, ஒரு வருஷம் சம்பாதிக்காம மறுபடி எழுத விடற அப்பா இருக்கார். அது உழைப்பில்லைன்னு சொல்லலை. அந்த உழைப்புக்கு அடியில இருந்த தளத்தையும் சேர்த்துதான் மார்க் ஷீட்டுல அச்சடிச்சிருக்காங்கன்னு சொல்றேன்.

சரி, எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், திரை போட்டு மூடின திருத்தம். அங்கயாவது உழைப்புதானே முடிவு பண்ணும்? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ஐ எடுத்துக்குங்க. 2022-ல 7,301 இடத்துக்கு அறிவிப்பு வந்தது. 22 லட்சம் பேர் விண்ணப்பிச்சாங்க. பரீட்சை எழுதி முடிச்சு, காத்திருந்து, அப்புறம் அரசு இடங்களோட எண்ணிக்கையைக் கூட்டி 10,000-த்துக்கு மேல கொண்டுபோச்சு. முதல் அறிவிப்போட எல்லைக்குக் கொஞ்சம் வெளிய இருந்தவங்க, ஒரு மார்க்கூடக் கூடுதலா வாங்காம, ஒரு ராத்திரிகூடக் கூடுதலாப் படிக்காம, உள்ள வந்துட்டாங்க. ரொம்ப நல்ல விஷயம், அவங்க எல்லாம் தகுதியானவங்கதான். அதே மாதிரி இடம் கூட்டாத இன்னொரு வருஷத்துல அதே எல்லையில நின்னவங்களும் தகுதியானவங்கதான். ஊர் அவங்களைப் பார்த்து “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்”னு சொல்லுது. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஃப்ராங்க், ‘சக்சஸ் அண்ட் லக்’னு 2016-ல எழுதின புத்தகத்துல இதைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டே காட்டியிருக்கார். ஒரு லட்சம் பேர் போட்டி. மதிப்பெண்ல 98 சதவீதம் திறமைக்கும் உழைப்புக்கும், 2 சதவீதம் மட்டும் அதிர்ஷ்டத்துக்கு. பல தடவை ஓட்டிப் பார்த்தா, முக்கால்வாசித் தடவை ஜெயிச்சவர் திறமையிலயும் உழைப்புலயும் முதலாவது ஆள் இல்லை. காரணம் எளிமையானது. கூட்டம் பெருசாகும்போது உச்சியில சமமா நிறையப் பேர் நிப்பாங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள ஜெயிக்கறது யாருன்னு அந்த 2 சதவீதம்தான் சொல்லும். 22 லட்சம் பேர் போட்டி போடற ஊர்ல இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குத் தெரியலை.

எனக்கு எதிரா வைக்கக்கூடிய வாதங்கள்ல பலமானது இது: “அதிர்ஷ்டம் நம்ம கையில இல்லை, உழைப்பு மட்டும்தான் கையில இருக்கு. பத்து தடவை முயற்சி பண்ணினா ஒரு தடவை அதிர்ஷ்டம் அடிக்கத்தான் செய்யும்.” இதுல உண்மை இருக்கு. சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜ்ல ஹார்டிக்கு எழுதறதுக்கு முன்னாடி பேக்கர், ஹாப்சன்னு ரெண்டு பேராசிரியர்களுக்கு எழுதி, ரெண்டும் பலனில்லாமப் போச்சு. மூணாவது கடிதம் எழுதியிருக்கலைன்னா 1913 ஜனவரியில அந்தக் கதவு திறந்திருக்காது. ஆனா இன்னொரு கேள்வியும் கேட்கணும். எத்தனை தடவை தோத்துப் போக ஒருத்தருக்கு வசதி இருக்கு? அம்பத்தூர் தொழிற்பேட்டையில ஒரு லேத்து போட்டு ஜாப் ஒர்க் எடுக்கற பையன், முதல் ஆர்டர்ல பீஸ் ரிஜெக்ட் ஆனா அப்பாவோட வீட்டு வாடகையில சமாளிச்சுட்டு அடுத்த ஆர்டர் எடுக்கலாம். அதே லேத்தை அம்மாவோட தாலிக்கொடியை அடகு வெச்சு வாங்கின பையனுக்கு முதல் ரிஜெக்ட்தான் கடைசி. அடுத்த மாசம் அவன் கம்பெனி வேன்ல ஏறிடுவான். ரெண்டு பேரும் ஒரே அளவு தைரியசாலிங்க, ஒரே அளவு கைத்தேர்ச்சி. ஒருத்தனுக்கு அஞ்சு தடவை ஆட்டம், இன்னொருத்தனுக்கு ஒரு தடவை. விடாமுயற்சின்னு நாம பாராட்டறதுல பாதி, தோல்வியைத் தாங்கற குடும்பச் சொத்து.

நம்ம பக்கத்துல இன்னொரு பேச்சு அடிக்கடி கேக்கும். “வடநாட்டுப் பசங்க வந்து உழைச்சு முன்னேறலையா? உள்ளூர்க்காரன் சோம்பேறி.” இதை நான் கடுமையா மறுக்கறேன். ஒடிசாவுலயும் பீகார்லயும் அந்தப் பையன் இதே கையோட, இதே உடம்போட வயல்லயும் செங்கல் சூளையிலயும் உழைச்சுட்டுத்தான் இருந்தான். ரெண்டு நாள் ரயில்ல உட்கார்ந்து கும்மிடிப்பூண்டி வந்து இறங்கினதும் கூலி கூடிச்சு. அவன் உழைப்புல மாத்தம் இல்லை, ஊர்தான் மாறிச்சு. இது எந்தப் பக்கத்துக்குச் சாட்சி? உள்ளூர்ப் பையன் அந்த உலை முன்னாடி நிக்க மறுக்கறான்னா, அவனுக்கு அதை மறுக்கற அளவுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பஸ் வசதியும் இந்த மாநிலம் கொடுத்திருக்கு. அது ஒரு வெற்றி. வெளியூர்ப் பையன் மறுக்க முடியாத நிலைமையில இருக்கான்ங்கிறதை அவனோட குணமாப் பாராட்டறது நமக்கு அழகில்லை. பாராட்டறதுக்குப் பதிலா அவனுக்குத் தலைக்கவசமும் ஓ.டி. காசும் சரியாக் கிடைக்குதான்னு கேக்கலாம்.

கடைசியா, “இப்படிப் பேசினா பசங்க உழைக்கறதையே விட்டுடுவாங்க”ங்கிற பயம். நான் அப்படி நினைக்கலை. உழைச்சும் வராதவனுக்கு “தப்பு உன்மேல”ன்னு சொல்றதுதான் அவனை நொறுக்குது. தேர்வு முடிவு வர்ற நாள்கள்ல நம்ம பிள்ளைங்க எடுக்கற விபரீத முடிவுகளுக்குப் பின்னாடி, வாழ்க்கை முழுக்க என் உழைப்போட கணக்குதான்னு அவங்களை நம்ப வெச்சதும் ஒரு காரணம். “நீ சரியாத்தான் உழைச்சே, இந்தத் தடவை கதவு குறுகலா இருந்தது”ன்னு ஒரு வீட்டுல சொன்னா, அந்தப் பிள்ளை மறுபடி எழுந்து நிக்கும். உண்மையும் அதுதான்.

அதனால சில வேண்டுகோள். கும்மிடிப்பூண்டியிலயோ காக்களூர்லயோ அம்பத்தூர்லயோ ஒரு கம்பெனியில ஆள் எடுக்கற இடத்துல நீங்க இருந்தா, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனம் 2.5-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரென்டிஸ் எடுத்தாகணும்னு சட்டம் இருக்கறது உங்களுக்குத் தெரியும். அந்த இடங்களைத் தெரிஞ்சவங்க மூலமா நிரப்பாம, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியிலயும் ஐ.டி.ஐ.யிலயும் நோட்டீஸ் ஒட்டி நிரப்புங்க. கல்லூரி முடிச்சவங்க, உங்க புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாம அடுத்து சேர்ற பிள்ளைக்குக் கொடுங்க. மேடையில பேசக் கூப்பிட்டா, உங்க உழைப்பைப் பத்திச் சொல்லுங்க, கூடவே உங்களுக்கு ஃபீஸ் கட்டினவர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், முதல் ஆர்டர் கொடுத்தவர் பேரையும் சொல்லுங்க. கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதி திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள்ள வருது. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும், முகாம்ல பிறந்த பிள்ளைகளோட குடியுரிமைக்கு நாடாளுமன்றத்துல என்ன பேசுவீங்கன்னு கேளுங்க. அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கு.